காரைக் களிமண்ணில் அரைக் கிலோ பொட்டலம் கட்டுங்கள்

காரைக்குக் களப்பயணம் வரும் நிலவியல் மாணவ மாணவியருக்கு,



பொங்கல் முடிந்து வெயில் ஏறுவதற்குள் உங்கள் கல்லூரி வண்டிகள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. இறங்கியதும் நடப்பது எல்லாக் கல்லூரிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கூட்டம் பெலம்னைட்டைப் பொறுக்குகிறது. இன்னொரு கூட்டம் அம்மோனைட் துண்டு அகப்படுமா என்று ஓடைக்கரையைக் கிளறுகிறது. சுறாப் பல் ஒன்று யார் கையிலாவது சிக்கினால் அன்றைக்கு அவர்தான் ராஜா. ‘ஊட்டத்தூர்த் தொகுதி, காரை அடுக்கு, கிரெட்டேசியஸ்’ என்று பேராசிரியர் சொல்வது குறிப்பேட்டில் ஏறுகிறது. சாப்பாட்டுப் பொட்டலங்கள் காலியானதும் வண்டி சாத்தனூர் கல்மரத்துக்குக் கிளம்புகிறது. படியில் ஏறுமுன் எல்லாரும் காலணியைத் தட்டி, ஒட்டியிருக்கும் களிமண்ணை உதறுகிறீர்கள். நான் எழுத வந்தது அந்த மண்ணைப் பற்றி.

ஓடு பொறுக்குவதை நான் பழிக்கவில்லை. இந்த நிலத்தின் ஆய்வே அப்படித்தான் தொடங்கியது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேகரித்த தொல்லுயிர் எச்சங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். 1862-ல் எச். எஃப். பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பகுத்தார். நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பகுப்பு அதுதான். பிறகு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா வந்து, தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிப் படங்களோடு பெரும் தொகுதிகளாக எழுதினார். அவர்கள் கையில் கிடைத்ததை வைத்து அவர்கள் செய்தது மகத்தான வேலை. அன்றைக்கு அம்மோனைட்தான் காலத்தைச் சொல்லும் கருவி. இன்று உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பைனாகுலர் மைக்ராஸ்கோப் ஒன்று உறை போட்டுத் தூங்குகிறது. அதை எழுப்பத்தான் சொல்கிறேன்.

காரைக் களிமண் ஆல்பியன் காலத்தின் பிற்பகுதி முதல் டூரோனியன் வரை, அதாவது ஏறத்தாழ 10.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, இங்கே இருந்த கடலின் அடியில் படிந்த சேறு. இந்தியா அப்போது அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே மடகாஸ்கரோடு சேர்ந்த ஒரு நிலத்துண்டாக இருந்தது. நல்ல அடுக்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவிப் பார்த்தால், மணல் என்று தோன்றும் மிச்சத்தில் பாதி மணலே இல்லை. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஃபோராமினிஃபெரா ஓடுகள், அவற்றுக்கு இடையே ஆஸ்ட்ரகோடுகளின் இரட்டை மூடிகள். கழுவும்போது சல்லடை வழியே ஓடிப்போன கலங்கல் நீரில் இன்னும் சிறியவை போயிருக்கும்: மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம், அதில் இரண்டு முதல் பத்து மைக்ரான் அகலமுள்ள காக்கோலித் தகடுகள். டைனோஃபிளாஜெலேட் என்னும் மிதவை உயிர்கள் உறங்குவதற்குக் கட்டிக்கொண்ட கூடுகளும் அதே கலங்கலில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1826-ல் பிரான்சின் அல்சீட் தொர்பீன்யி ஃபோராமினிஃபெராவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோது, சுருள் சுருளாக அறை அறையாக இருக்கும் இந்தத் துணுக்குகள் தலைக்காலிகள்தான், அம்மோனைட்டின் குட்டி உறவினர்கள்தான் என்று நம்பினார். ஃபெலிக்ஸ் துஜார்தான் உயிருள்ளவற்றைக் கவனித்து, இவை ஒற்றைச் செல் உயிர்கள் என்று 1835-ல் சொன்ன பிறகே அந்த எண்ணம் மாறியது. அம்மோனைட் கிடைக்கவில்லையே என்று முகம் வாடிப் போகிறீர்களே, தொர்பீன்யி கண்ணுக்கு நீங்கள் காலணியிலிருந்து உதறிவிட்டுப் போனது நூற்றுக்கணக்கான அம்மோனைட்டுகள்!

இவ்வளவு மெல்லிய ஓடு 9 கோடி ஆண்டு எப்படித் தாங்கியது? விரலால் அழுத்தினால் பொடியாகும். எலுமிச்சைச் சாற்றில் போட்டால் கொஞ்ச நேரத்தில் இருந்த இடம் தெரியாது. உறுதியால் அது தப்பவில்லை என்பது தெளிவு. அதைத் தப்பவைத்தது சேறு. எந்தச் சேறு, எவ்வளவு வேகமாக மூடியது, அதற்குள் தண்ணீர் ஓடியதா, காற்று புகுந்ததா என்பதைப் பொறுத்தே ஓடு இருக்கிறது அல்லது இல்லாமல் போகிறது. அதனால்தான் ஓட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சேற்றை உதறிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். காக்கோலித் தகடு ஒன்று தனியாக விழுந்தால் ஒரு நாளில் ஒரு சாண்கூட இறங்காது. நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் அடியைத் தொட அதற்கு ஒரு மனித ஆயுள் வேண்டும். அதற்குள் கரைந்துவிடும், இல்லாவிட்டால் நீரோட்டம் வேறு எங்கோ கொண்டுபோய்விடும். ஆனால் கடலடிச் சேற்றை அள்ளிப் பார்த்தால், அதே இடத்தில் மேலே வாழும் வகைகளோடு அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. எப்படி நேராக வந்து இறங்கின? விடை கொஞ்சம் அருவருப்பானது. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த கடுகளவு உயிர்களான கோபிபோடுகள் இந்தத் தகடுகளைத் தாங்கிய நுண்பாசிகளைத் தின்கின்றன. தகடுகள் செரிக்காமல் அவற்றின் மலத்தோடு உருண்டையாகக் கட்டுண்டு வெளியே வருகின்றன. அந்த உருண்டை ஒரே நாளில் பல பத்து மீட்டர், சில வேளை நூறு மீட்டருக்கு மேலும் இறங்கிவிடும். மேலே ஒரு மெல்லிய சவ்வு வேறு, கரையாமல் காக்க. சுசுமு ஹோன்ஜோ 1970-களில் இதை விளக்கினார். உலகத்தில் சாக்குப் பாறை என்று புகழ்பெற்ற வெள்ளை மலைகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏதோ ஒரு கோபிபோடின் குடல் வழியே போய் வந்தது என்று வகுப்பில் சொன்னால் பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இறங்குவது ஒரு கண்டம் என்றால் கரைவது அடுத்த கண்டம். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும், தண்ணீர் குளிரும், அழுகும் உயிர்ப்பொருளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே இருக்கும். இந்த மூன்றும் சுண்ணாம்பைக் கரைப்பவை. ஓர் ஆழத்துக்குக் கீழே, மேலிருந்து வரும் சுண்ணாம்பு முழுவதும் கரைந்துபோகிறது. இன்றைய அட்லாண்டிக்கில் அது 5 கிலோமீட்டர் அளவில், பசிபிக்கில் அதற்கும் மேலே. அந்தக் கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு ஓடுள்ள ஃபோராமினிஃபெராவைத் தேடிப் பயனில்லை; சிவந்த களிமண்தான் கிடைக்கும். சிலிக்கா ஓடுள்ள ரேடியோலேரியாவுக்கும் டயாட்டத்துக்கும் கதை வேறு. கடல்நீர் எந்த ஆழத்திலும் சிலிக்காவுக்குப் பசித்தே இருக்கிறது, விழுந்ததும் கரைக்கத் தொடங்கிவிடும். மேற்பரப்பில் உண்டாகும் சிலிக்கா ஓட்டில் நூற்றுக்குச் சில பங்கே நிலையாகப் புதைகிறது. காரைக் கடல் நல்வாய்ப்பாக நடுத்தர ஆழம்: அலை வந்து கலைக்காத அளவுக்குக் கீழே, சுண்ணாம்பு கரையும் ஆழத்துக்கு வெகு மேலே.

அடியைச் சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. கடலடிச் சேற்றின் மேல் பத்து சென்டிமீட்டரைப் புழுக்களும் கிளிஞ்சல்களும் ஓயாமல் உழுதுகொண்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் சேறு படிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், காரையின் சராசரியும் அந்த அளவில்தான் வரும். அப்படியானால் நீங்கள் கரண்டியில் எடுக்கும் ஒரு துளி மண்ணில் சில ஆயிரம் ஆண்டுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு ஓடுகள் ஒன்றையொன்று சந்தித்தே இருக்காது. ஆண்டுக்கணக்கில் துல்லியம் பேசும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறைந்த அடித்தளத்தில் மட்டும் உழுபவர்கள் வர மாட்டார்கள். அங்கே அடுக்கு கலையாமல் நிற்கும்.

ஆக்சிஜன் தீர்ந்த சேற்றுக்குள் பாக்டீரியாக்களின் ராஜ்யம். கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டை வைத்து மூச்சுவிடும் வகை ஒன்று உண்டு. அது ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகிறது. சேற்றில் உள்ள இரும்போடு அது சேர்ந்தால் பைரைட். ஃபோராமினிஃபெராவின் காலி அறைகளுக்குள் இந்தப் பைரைட் நுண்ணிய மணிக்கொத்துகளாக விளைந்து நிரம்பிவிடுவது உண்டு. பின்னாளில் ஓடு கரைந்து போனாலும் அறைகளின் உள்வடிவம் பொன்னிறத்தில் அப்படியே நிற்கும். மைக்ராஸ்கோப்பின் அடியில் அதை முதன்முதல் பார்க்கும் மாணவர் தங்கம் என்று கத்துவது வழக்கம். கத்தட்டும். அதே பாக்டீரியாக்களின் செயலால் சேற்று நீரின் காரத்தன்மையும் ஏறுகிறது, சுண்ணாம்பு கரைவது மட்டுப்படுகிறது. அழுகல் என்று நாம் ஒதுக்கும் வேலைதான் ஓட்டுக்குக் காவலாகிறது.

பிறகு மேலே சேறு ஏறிக்கொண்டே போகிறது. நம் ஊரில் நெல் குதிரின் வாயைக் களிமண்ணால் பூசி மூடுவார்களே, காற்றும் ஈரமும் புகாமல், அதே வேலையைக் கடலடியில் களிமண் செய்கிறது. களித்துகள் தட்டையானது, அழுந்த அழுந்த ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடுக்கில் இருந்த நீரைப் பிழிந்து, இனி நீர் ஓடாதபடி அடைத்துவிடும். நீர் ஓடாவிட்டால் ஓட்டிலிருந்து எதுவும் போகாது, புதிதாக எதுவும் வந்து ஒட்டாது. சுண்ணாம்புச் சேற்றில் இது நடக்காது. அங்கே ஓடும் சேறும் ஒரே பொருள். கொஞ்சம் கரைந்து கொஞ்சம் படிந்து, ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகிவிடும். சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஒரு ஃபோராமை முழுதாகப் பிரித்தெடுக்கப் பாடுபட்டவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் மெல்லிய சீவலாக வெட்டிக் குறுக்குவெட்டில் பார்ப்பதோடு திருப்திப்பட வேண்டியிருக்கும்.

களிமண்ணின் இந்த அருமை ஒரு பெரிய அறிவியல் வழக்கையே திருப்பிப் போட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓட்டின் சுண்ணாம்பில் உள்ள ஆக்சிஜனில் எடை கூடிய ஆக்சிஜன்-18 ஐசோடோப்பு எவ்வளவு இருக்கிறது என்பது ஓடு வளர்ந்த நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த நீர் என்றால் கூடுதல், வெதுவெதுப்பான நீர் என்றால் குறைவு. ஹெரால்டு யூரி 1940-களில் போட்டுக்கொடுத்த பாதை இது. அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த செசாரே எமிலியானி 1955-ல் கடலடிச் சேற்றின் ஃபோராமினிஃபெராவை வைத்துப் பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். அதே முறையில் இன்னும் பழைய காலங்களை அளந்தபோது ஒரு முரண் எழுந்தது. கிரெட்டேசியஸின் பிற்பகுதியிலும் ஈயோசீனிலும் துருவங்களில் பனி ஏறக்குறைய இல்லை, பூமி முழுதும் வெப்பம் என்பதற்கு ஏராளமான சான்று. ஆனால் வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு மட்டும் 15 முதல் 23 டிகிரி செல்சியஸ் என்று ஓடுகள் சொல்லின. இன்றைய வெப்பமண்டலக் கடலைவிடக் குளிர்! கார்பன் டை ஆக்சைடு கூடினால் எங்கும் சூடு கூடும் என்ற கணிப்பு மாதிரிகள் தவறோ என்றுகூடப் பேச்சு கிளம்பியது.

2001-ல் பால் பியர்சனும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அந்தப் பேச்சை அடக்கியது. அவர்கள் ஓடுகளை எடுத்தது தான்சானியாவின் களிமண் அடுக்குகளிலிருந்து. ஆழ்கடல் சுண்ணாம்புச் சேற்றிலிருந்து வரும் ஃபோராம்களை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெள்ளை வெளேரென்று, பனி பூத்தாற்போல் இருக்கும். தான்சானியாவினுடையவை கண்ணாடி, ஒளி ஊடுருவும், அறைச்சுவர் மின்னும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். வெளுத்த ஓட்டின் சுவர் முழுக்கப் பின்னால் விளைந்த சுண்ணாம்புப் படிகங்கள். அவை விளைந்தது எங்கே? குளிர்ந்த கடலடியில். வெதுவெதுப்பான மேற்பரப்பில் வாழ்ந்த உயிரின் ஓட்டுக்குள் கடலடியின் குளிர் வந்து கலந்துவிட்டது. ஓடு பார்வைக்கு முழுதாகவே இருந்தது, இனம் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. உள்ளே இருந்த செய்தி மட்டும் மாறிப்போயிருந்தது. கண்ணாடி ஓடுகள் சொன்ன வெப்பம் குறைந்தது 28 முதல் 32 டிகிரி. முரண் தீர்ந்தது. பழைய அளவீடுகளில் எவை எவற்றை நம்பலாம் என்று திரும்ப ஆராய வேண்டிய வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது.

பாதுகாப்பு என்றால் உருவம் நிற்பது மட்டும் என்று பாடநூல்களில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த வரையறையில் வெளுத்த ஓடும் கண்ணாடி ஓடும் ஒன்றே. எது எது எந்த அளவுக்கு நின்றிருக்கிறது, உருவமா, வேதிப்பொருளா, அறைக்குள் இருந்த உயிர்ப்பொருளா என்று பிரித்துக் கேட்காதவரை நாம் கேட்டதாகவே கணக்கில்லை. இதற்குத்தான் சேறு வேண்டும். ஓடு எந்தவிதமான மண்ணிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதன் சொல்லை எடைபோட முடியாது.

சரி, காரையும் களிமண்தானே, தான்சானியாவைப்போலக் கண்ணாடி ஓடு அள்ளலாமா என்று கேட்பீர்கள். மேலே கிடப்பதில் அள்ள முடியாது. காரைச் சரிவுகளில் நடக்கும்போது காலடியில் பளபளவென்று தகடு தகடாக ஜிப்சம் கிடக்கிறதே, நிறையப் படம் எடுக்கிறீர்கள். சேற்றில் காவலாக விளைந்தது என்றேனே, அந்தப் பைரைட், களிமண் தரைக்கு மேல் வந்து மழையும் காற்றும் பட்டதும் எதிரியாகிவிடுகிறது. ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து அதைச் சிதைக்கும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அமிலம் பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்பைத் தின்கிறது. கால்சியமும் சல்ஃபேட்டும் கூடினால் ஜிப்சம். இப்படி விளைந்த ஜிப்சத்தில் உள்ள கால்சியத்தில் ஒரு பங்கு நம் ஃபோராமினிஃபெராவிடமிருந்து வந்திருக்கும். எனக்கு அந்த மினுக்கம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

நிறத்தையும் பாருங்கள். மேலே மஞ்சளும் துருவுமாக இருக்கும் மண் காற்றுப் பட்டுப் போனது. அதில் டைனோஃபிளாஜெலேட் கூடுகளும் மகரந்தமும் தேடாதீர்கள். அவற்றின் சுவர் அமிலத்துக்கு அசையாது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் பாறையையே கரைத்தாலும் அவை மிஞ்சும், ஆனால் ஆக்சிஜனேற்றம் அவற்றை அழித்துவிடும். சுண்ணாம்பு ஓட்டுக்கு நேர் எதிரான சுபாவம். அதனால் ஒரே பொட்டலத்தில் ஒரு வகை முழுதாகவும் இன்னொரு வகை அடியோடு இல்லாமலும் இருந்தால் அந்தக் கடலில் அந்த உயிர் இல்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். பாதிக் கட்டுரைகள் இந்த அவசரத்தில்தான் கெடுகின்றன. கொஞ்சம் தோண்டி, சாம்பல் நிறம் வந்த இடத்திலிருந்து எடுங்கள். தோண்ட இன்னொரு காரணமும் உண்டு. காரைச் சரிவுகளை மழை அறுத்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்திருக்கிறது. மேலடுக்கின் ஓடுகள் ஒவ்வொரு மழைக்கும் கீழே உருண்டு வந்து, பழைய அடுக்கின் முகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தோலை மட்டும் சுரண்டி எடுத்தால் டூரோனியன் ஓடு ஆல்பியன் மண்ணில் இருந்ததாகக் கண்டுபிடித்துப் புகழடையலாம்.

ஊட்டத்தூர்க் களிமண்ணில் பாஸ்பேட் முண்டுகளும் உண்டு. பலர் உதைத்துவிட்டுப் போகிறார்கள். பாஸ்பேட் மிக வேகமாகவும் நுணுக்கமாகவும் படியக்கூடியது. களிமண் சுண்ணாம்பு ஓட்டை மட்டும் காக்கிறது என்றால் பாஸ்பேட் சதையையே கல்லாக்கும். சுவீடனில் ஓர்ஸ்டென் என்று அழைக்கப்படும், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழமையுள்ள சுண்ணாம்பு முண்டுகளை மெல்லிய அமிலத்தில் ஊறவைத்த கிளவுஸ் முல்லர், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான கணுக்காலிகளைக் காலும் காலில் உள்ள மயிரும் குலையாமல் எடுத்தார். சீனாவின் தௌஷன்துவோ பாறைகளில் ஏறத்தாழ 60 கோடி ஆண்டுக்கு முந்தைய, செல் பிரியும் நிலையிலேயே உறைந்த உருண்டைகள் கிடைத்தன. விலங்குக் கருக்கள் என்று 1998-ல் அறிவித்தார்கள், அது குறித்த சண்டை இன்னும் ஓயவில்லை. காரை முண்டிலும் அப்படி இருக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. உடைத்துப் பார்ப்பதில் தவறில்லை என்கிறேன்.

காரையின் வயதும் சும்மா கிடைத்த வயதல்ல. சினோமேனியன் முடிந்து டூரோனியன் பிறக்கும் தறுவாயில், 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்களின் பல பகுதிகள் ஆக்சிஜன் இழந்தன. இத்தாலியின் குப்பியோ அருகே வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லின் நடுவே ஒரு மீட்டர் அளவுக்குக் கறுப்பு அடுக்கு ஒன்று அதன் தடயமாக ஓடுகிறது. பொனரெல்லி மட்டம் என்பார்கள். ஷ்லாங்கரும் ஜென்கின்ஸும் 1976-ல் இத்தகைய நிகழ்வுகளுக்குக் கடல்சார் ஆக்சிஜனின்மை நிகழ்வுகள் என்று பெயரிட்டார்கள். அந்தச் சமயத்தில் ரோட்டலிபோரா என்ற மிதவை ஃபோராமினிஃபெராப் பேரினம் அடியோடு போய்விட்டது. ஓட்டின் விளிம்பில் கரை கட்டியதுபோல் முகடுள்ள அழகிய உயிர் அது. டூரோனியன் காலத்தின் அடிக்கோட்டை உலகுக்கே குறிக்கும் பாறை முகம் அமெரிக்காவின் கொலராடோவில் புவெப்லோ அருகே இருக்கிறது. அந்த எல்லைக்கு முன்னும் பின்னும் படிந்த சேறு நம் பெரம்பலூரிலும் இருக்கிறது. அன்று தெற்கு அரைக்கோளத்தில் இருந்த கடலின் சேறு. வடக்கே எழுதிய கதை தெற்கிலும் அப்படியே நடந்ததா என்று கேட்க இங்கேதான் வர வேண்டும்.

வேலைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய்க் கிணறு தோண்டும் துரப்பணம் அம்மோனைட்டை நொறுக்கித் தூளாக்கிவிடும். அதே தூளில் ஃபோராமினிஃபெரா முழுதாக மேலே வரும். 1920-களில் எஸ்தர் அப்ளின், ஆல்வா எல்லிசார், ஹெட்விக் நிக்கர் ஆகிய மூன்று பெண்கள் டெக்சாஸ், லூசியானா கிணறுகளில் இதை நிறுவினார்கள். அப்ளின் 1921-ல் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர் எழுந்து இகழ்ந்தார். 1925-ல் மூவரின் கட்டுரை வந்த பிறகு எண்ணெய்க் கம்பெனிகளில் நுண்தொல்லுயிரியல் ஆய்வகங்கள் பெருகின. காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. எடுத்த கிணறுகளின் அடுக்குகளையும் இவற்றை வைத்தே அடையாளம் கண்டார்கள்.

இனி செய்முறை. பெரிய செலவு எதுவும் இல்லை. களிமண்ணை நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாக இருந்தால் கரையாது, காய்ந்த பிறகு தண்ணீரில் போட்டால் தானே பொலபொலவென்று உதிரும். பிடிவாதம் பிடித்தால் கொஞ்சம் சலவைச் சோடா, அதற்கும் மசியாவிட்டால் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு. பைரைட் உள்ள மண்ணில் பெராக்சைடு ஊற்றும்போது கவனம்: சரிவில் இயற்கை செய்யும் அதே அமில வேலையை நீங்கள் பீக்கரில் செய்து முடித்துவிடுவீர்கள். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டும் பழக்கத்தை இந்தப் பொட்டலத்தில் மட்டும் காட்டாதீர்கள். 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையில் கழுவி, வெளிவரும் நீர் தெளிந்ததும் மிச்சத்தை உலர்த்துங்கள். கழுவுமுன் ஒரு சிட்டிகை களிமண்ணைத் தனியே எடுத்து வையுங்கள், காக்கோலித்துக்கு. அது சல்லடையில் நிற்காது. ஒரு பொட்டலம் முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். கண்ணியில் தங்கிவிட்ட பழைய ஓடுகள் நீலமாகிவிடும். அடுத்த பொட்டலத்தில் நீல ஓடு ஒன்று தென்பட்டால் அது வந்தேறி. பிறகு கறுப்புத் தட்டில் தூவி, நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதுதான். முதல் நாள் கழுத்து வலிக்கும். முதல் ரோட்டலிபோரா கிடைத்ததும் வலி மறந்துபோகும்.

பொட்டலத்தின் மேல் எழுதுவதைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பல கல்லூரிகளின் அலமாரிகளில் ‘அம்மோனைட், காரை’ என்று மட்டும் எழுதிய பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சில நூறு மீட்டர் தடிமனும் ஒன்றரைக் கோடி ஆண்டும் கொண்ட சேற்றில் காரை என்பது முகவரி ஆகாது. கைப்பேசியிலேயே அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்கிறது, எழுதுங்கள். தெரிந்த ஓர் அடுக்கிலிருந்து எத்தனை மீட்டர் மேலே அல்லது கீழே, எவ்வளவு ஆழம் தோண்டி எடுத்தது, மண்ணின் ஈர நிறம், பக்கத்தில் ஜிப்சம் இருந்ததா, முண்டு இருந்ததா, தேதி, எடுத்தவர் பெயர். பென்சிலால் எழுதுங்கள், ஈரக் களிமண்ணில் பேனா மை பரவிவிடும். சீட்டைக் களிமண்ணோடு சேர்த்துப் போடாமல் இரட்டைப் பையின் நடுவே வையுங்கள். ஊர்க்காரர்களிடமும் உரியவர்களிடமும் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள், குழியை மூடிவிட்டு வாருங்கள், அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். அதில் பாதியைக் கழுவாமல் உலர்ந்த டப்பாவில் அப்படியே வைத்திருங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்களிடம் நம்மிடம் இல்லாத கருவி இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர்